செங்குத்துக்கோடு வரைய மூணு மெத்தட் இல்லைங்க, இருக்கறது ஒண்ணுதான்

கேள்வி இதுதான்: பொண்ணு எட்டாவது படிக்கிறா, காம்பஸ்ஸும் ஸ்கேலும் மட்டும் வச்சு செங்குத்துக்கோடு வரையச் சொல்றாங்க, நடுவுல வரைய ஒரு ஸ்டெப்ஸ், கோட்டு மேல இருக்கிற புள்ளிக்கு ஒரு ஸ்டெப்ஸ், வெளிய இருக்கிற புள்ளிக்கு இன்னொரு ஸ்டெப்ஸ், எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சையில மாத்திப் போட்டுட்டு வர்றா, அதுவும் புள்ளி கோட்டோட ஓரத்துல இருந்தா கை அப்படியே நின்னுடுது. பாக்ஸ்லயே மூலைமட்டம் இருக்கும்போது இந்த வேலை எதுக்குன்னு அம்மாவும் கேக்கறாங்க.

நான் பாலிடெக்னிக்ல டிராயிங் எடுத்தவன், இருபது வருஷத்துக்கு மேல பசங்களோட ஷீட்ல கோணலா நிக்கிற செங்குத்துக்கோடுகளைப் பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த மூணு ஸ்டெப்ஸையும் மறந்துடச் சொல்லுங்க. தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஒரு பேப்பர்ல அ, ஆ-ன்னு ரெண்டு புள்ளி வைங்க. இந்த ரெண்டுக்கும் சம தூரத்துல இருக்கிற புள்ளிங்க எங்கெங்க இருக்கும்? ரெண்டுக்கும் நட்டநடுவுல ஒண்ணு இருக்கும், அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனா அது மட்டும் இல்ல, அதுக்கு மேலயும் கீழயும் நிறைய இருக்கு, அதையெல்லாம் சேத்தா ஒரு நேர்கோடு கிடைக்கும், அந்தக் கோடு அ-ஆ கோட்டை சரிபாதியா வெட்டும், அதுவும் 90 டிகிரியில வெட்டும். ஸ்கூல் புக்ல மையக்குத்துக்கோடுன்னு சொல்றது இதைத்தான்.

நம்பிக்கை வரலைன்னா காம்பஸ்ஸே வேண்டாம், பேப்பரை மடிங்க. அ போய் ஆ மேல சரியா உக்கார்ற மாதிரி மடிச்சு விரல் நகத்தால அழுத்தி விரிச்சா வர்ற மடிப்பு இருக்கு பாருங்க, அதுதான் அந்தக் கோடு. மடிப்பு மேல எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதுல இருந்து அ-வுக்கும் ஆ-வுக்கும் ஒரே தூரம்தான், ஏன்னா மடிச்சப்போ ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு. மடிப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற கோணமும் அந்தப் பக்கம் இருக்கிற கோணமும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துது, ரெண்டும் சேந்து 180, அப்போ ஒவ்வொண்ணும் 90. இதைத்தான் புக்ல முக்கோணம் போட்டு மூணு பக்கமும் சமம், அதனால சர்வசமம்னு நாலு வரியில எழுதுவாங்க. மடிச்சுப் பாத்த பிள்ளைக்கு அந்த நாலு வரி தானா வரும்.

காம்பஸ் செய்யறது என்ன? அது சம தூரத்தைப் பிடிச்சு வச்சுக்கற கருவி, அவ்ளோதான். அ-வுல முள்ளை வச்சு ஒரு வில், காம்பஸ்ஸை அசைக்காம ஆ-வுல வச்சு ஒரு வில், ரெண்டும் வெட்டிக்கிற இடம் ரெண்டுக்கும் சம தூரம். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இடம் கிடைக்குது. நேர்கோடு போட ரெண்டு புள்ளி போதும், சேத்துட்டா முடிஞ்சுது.

இப்போ மத்த ரெண்டு மெத்தடையும் பாருங்க. புள்ளி கோட்டு மேலயே இருக்கு, அதை ப-ன்னு வச்சுக்கலாம். ப நடுவுல வர்ற மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வெட்டிக்கோங்க, இப்போ அ, ஆ கையில வந்தாச்சு. புள்ளி வெளிய இருக்கா, ப-வுல முள்ளை வச்சு கோட்டை ரெண்டு இடத்துல வெட்டற மாதிரி ஒரு பெரிய வில் போடுங்க, அந்த ரெண்டு இடம்தான் அ, ஆ. ஆக எல்லா கேஸ்லயும் வேலை ஒண்ணுதான், "எனக்கு அ, ஆ வேணும், ப அந்த ரெண்டுக்கும் சம தூரத்துல இருக்கணும்", அது கிடைச்ச உடனே பழைய மடிப்புக் கதைதான். இன்னொண்ணு கவனிச்சீங்களா, இந்த ரெண்டு கேஸ்லயும் ப ஏற்கனவே சம தூரத்துல இருக்கிற புள்ளி. அதனால இன்னும் ஒரே ஒரு புள்ளி கண்டுபிடிச்சா போதும், மேலயும் கீழயும் வில் போட்டு பேப்பரை நிரப்ப வேண்டியதில்ல. பசங்க பழக்கதோஷத்துல நாலு வில் போடுவாங்க, தப்பில்ல, வேஸ்ட்.

இதெல்லாம் கிரேக்க கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 வாக்குல அலெக்சாண்டிரியாவுல எழுதி வச்சது, அவரோட "எலிமெண்ட்ஸ்" நூல்ல முதல் புத்தகத்துல 11-வது கணக்கு கோட்டு மேல இருக்கிற புள்ளிக்கு, 12-வது வெளிய இருக்கிற புள்ளிக்கு. அந்த 12-வதை அவருக்கு முன்னாடியே கியாஸ் தீவுக்காரர் ஓயினோப்பிடீஸ்னு ஒருத்தர் ஆராய்ஞ்சார், வானசாஸ்திரத்துக்கு உபயோகமா இருக்கும்னு நினைச்சுத்தான் பண்ணார்னு கி.பி. 5-ஆம் நூற்றாண்டு உரைகாரர் புரோக்ளஸ் சொல்றார். செங்குத்துக்கோட்டை ஓயினோப்பிடீஸ் சொன்ன பேரே "நிழல்குச்சி மாதிரி நிக்கிற கோடு"ங்கற அர்த்தத்துல வரும். நிழல்குச்சியை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ மறுபடி வருவேன்.

வெளிப்புள்ளி விஷயத்துல ஒரு சின்ன தந்திரம் இருக்கு, ஏனோ நம்ம ஊர்ல யாரும் சொல்லித் தர்றதில்ல. ப பேப்பரோட ஓரத்துல மாட்டிக்கிச்சு, வில் போட்டா கோட்டை ஒரு இடத்துலதான் வெட்டுது, இன்னொரு வெட்டு பேப்பருக்கு வெளிய போயிடுதுன்னு வைங்க. அப்போ கோட்டு மேல உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு இடத்தை எடுத்துக்கோங்க, எங்க வேணும்னாலும், சமமா இருக்கணும்னு அவசியமே இல்ல. முதல் இடத்துல முள், பென்சில் ப-வைத் தொடற மாதிரி திறந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு வில். ரெண்டாவது இடத்துல முள், மறுபடி ப-வைத் தொடற அளவுக்குத் திறந்து ஒரு வில். ரெண்டு வில்லும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டிக்கும், அந்த இடத்தையும் ப-வையும் சேத்தா செங்குத்து. கண்ணாடியில முகம் பாக்கற மாதிரி, கோடு கண்ணாடி, கிடைச்ச புள்ளி ப-வோட பிம்பம். ரெண்டு தடவையும் காம்பஸ் அளவு வேற வேறயா இருக்கேன்னு பிள்ளை பயப்படும், ஆனா யோசிச்சா அதே கதைதான், நாம எடுத்த ஒவ்வொரு இடமும் ப-வுக்கும் பிம்பத்துக்கும் சம தூரம், ரெண்டு சம தூரப் புள்ளி வழியா போற கோடு மையக்குத்துக்கோடு, இந்தத் தடவை நம்ம பழைய கோடே மடிப்பு ஆயிடுச்சு.

சரி, உங்க பொண்ணு கை நின்னுபோற இடத்துக்கு வர்றேன். கோடு ப-வோட முடிஞ்சுபோச்சு, அந்தப் பக்கம் நீட்ட இடமில்ல. இதுக்கு ஸ்கூல்ல சொல்லித் தர்றது 60-120 வழி. ப-வுல முள், ஒரு வில், அது கோட்டை வெட்டற இடத்துல இருந்து அதே அளவுல வில் மேல ஒரு வெட்டு, அங்க இருந்து இன்னொரு வெட்டு, இந்த ரெண்டு வெட்டுல இருந்தும் அதே அளவுல வெளிய ரெண்டு வில், அது சேர்ற இடத்தை ப-வோட சேத்தா 90. காம்பஸ் கிடைச்ச அன்னிக்கு எல்லாக் குழந்தையும் ஆறு இதழ் பூ போடுமே, அதோட பாதி தான் இது, ஒவ்வொரு வெட்டும் 60 டிகிரி ஏன்னா சமபக்க முக்கோணம். 60-க்கும் 120-க்கும் நடுவுல 90. காம்பஸ் அளவை ஒரு தடவைகூட மாத்த வேண்டாம்ங்கறது இதுல இருக்கிற பெரிய சௌகரியம்.

ஆனா எனக்குப் பிடிச்சது வேற. கோட்டுக்கு மேல ஏதோ ஒரு இடத்துல, கோடு இருக்கிற பக்கமா கொஞ்சம் தள்ளி, ம-ன்னு ஒரு புள்ளி வைங்க. ம-வுல முள், ப-வைத் தொடற அளவு, ஒரு முழு வட்டம். அது கோட்டை இன்னொரு இடத்துல வெட்டும். அந்த வெட்டுல இருந்து ம வழியா ஸ்கேல் வச்சு கோடு போட்டு வட்டத்தோட எதிர்ப்பக்கம் வரைக்கும் கொண்டு போங்க. அது தொடற இடத்தையும் ப-வையும் சேருங்க. முடிஞ்சுது, ஒரே ஒரு வட்டம், ரெண்டு கோடு. அரைவட்டத்துக்குள்ள இருக்கிற கோணம் 90ங்கற விதிதான் இதுக்குள்ள இருக்கு, பழைய கிரேக்க அறிஞர் தேல்ஸ் பேர்ல சொல்லுவாங்க, யூக்ளிட்ல மூணாவது புத்தகம் 31. ம-வை மட்டும் கோட்டுக்கு எதிர்த்திசையில வச்சுடக் கூடாது, வச்சா வெட்டற இடம் கோடே இல்லாத பக்கம் போயிடும்.

இதே அரைவட்டம் பத்தாவதுல மறுபடி வந்து நிக்கும், வெளிப்புள்ளியில இருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையறப்போ. அங்க புள்ளியையும் வட்டத்தோட மையத்தையும் சேத்து, அதுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, பாதியில முள்ளை வச்சு வட்டம் போடச் சொல்றாங்களே, எதுக்குன்னா தொடுகோடு ஆரத்துக்கு 90-ல நிக்கணும், 90 வேணும்னா அரைவட்டம். எட்டாவதுல புரிஞ்சவங்களுக்கு பத்தாவதுல புதுசா எதுவும் இல்ல.

இப்போ ஷீட்ல கோணலா வர்றது ஏன்னு பாப்போம், இதுலதான் மார்க்கு போகுது. "பாதிக்கு மேல் ஆரம் எடுத்துக்கொள்க"ன்னு புக்ல இருக்கும், பசங்க அதைப் பிடிச்சுக்கிட்டு பாதிக்குக் கொஞ்சூண்டு மேல எடுப்பாங்க. 6 செ.மீ. கோட்டுக்கு 3.2 எடுத்தா மேல கீழ கிடைக்கிற ரெண்டு புள்ளிக்கும் நடுவுல 2.2 செ.மீ. தான் இருக்கும். பென்சில் முனையால அரை மில்லிமீட்டர் தப்பு வர்றது சகஜம், அந்த அரை மில்லி 2.2 செ.மீ.-ல வந்தா கோடு 1.3 டிகிரி சாயும், அதை இன்னும் நீட்டினா கண்ணுக்கே தெரியும். அதே 6 செ.மீ. கோட்டுக்கு 5 செ.மீ. எடுங்க, புள்ளிங்க 8 செ.மீ. தள்ளி விழும், அதே அரை மில்லி தப்பு 0.4 டிகிரிகூட வராது. அதுக்காக ரொம்பப் பெருசாவும் எடுக்கக் கூடாது, 6 செ.மீ. கோட்டுக்கு 15 செ.மீ. எடுத்தா ரெண்டு வில்லும் ஒண்ணோட ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போகும், எந்த இடத்துல வெட்டுதுன்னே தெரியாது. ரெண்டு வில்லும் பளிச்சுனு குறுக்க வெட்டணும்னா கோட்டோட நீளத்துல 0.7 பங்குல இருந்து முழு நீளம் வரைக்கும் எடுக்கலாம், 0.7-ல எடுத்தா கிட்டத்தட்ட செங்கோணத்துலயே வெட்டிக்கும். யூக்ளிட் முழு நீளத்தையே எடுத்தார், சமபக்க முக்கோணம் வந்துடும், பாதி அளவு என்னன்னு யோசிக்கவே வேண்டாம்.

அந்த 6-க்கு 5-ஐ நான் வேணும்னேதான் சொன்னேன். பாதி 3, ஆரம் 5, அப்போ உயரம் சரியா 4 வரும். வரைஞ்சு முடிச்சதும் ஸ்கேலை வச்சு நடுவுல இருந்து புள்ளி வரைக்கும் அளந்து பாருங்க, 4 வந்தா நல்லாப் பண்ணியிருக்கா, 3.8-ஓ 4.2-ஓ வந்தா காம்பஸ் நடுவுல லூஸ் ஆயிருக்கு. பென்சிலை நல்லா சீவி, முள்ளோட நுனியும் பென்சில் நுனியும் ஒரே மட்டத்துல இருக்கிற மாதிரி மாட்டி, மூட்டு ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டு உக்காரணும். மொட்டைப் பென்சிலை மாட்டிக்கிட்டு விதியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. முடிச்சப்புறம் வில்லையெல்லாம் ரப்பர் போட்டு அழிச்சுடாதீங்க, திருத்தறவங்க பாக்கறது அந்த வில்லைத்தான்.

அடுத்தது அம்மாவோட கேள்வி, மூலைமட்டம் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு. நியாயமான கேள்வி, நான் வேலை பாத்த டிராயிங் ஹால்லயே செங்குத்துக்கு யாரும் காம்பஸ் எடுக்க மாட்டாங்க, போர்டுல மாட்டியிருக்கிற மினி டிராஃப்டர்ங்கற கருவியை நகத்தி ஒரு கோடு, அவ்ளோதான். ஆனா மூலைமட்டத்துல இருக்கிற 90-ஐ யார் வச்சாங்க? அச்சுல வார்த்தவங்க. அச்சு சரியா இருந்தா சரி, இல்லன்னா நீங்க போடற எல்லா கோடும் தப்பு, அது தப்புன்னு மூலைமட்டமே உங்களுக்குச் சொல்லாது. உங்க வீட்டுல இருக்கிறதை இன்னிக்கே சோதிச்சுப் பாருங்க. ஒரு கோடு போட்டு அதுல மூலைமட்டத்தை வச்சு ஒரு செங்குத்து, அப்புறம் மூலைமட்டத்தை அப்படியே கவுத்துப் போட்டு அதே புள்ளியில இன்னொரு செங்குத்து. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா நல்லது, நடுவுல பிளவு தெரிஞ்சா அந்தப் பிளவு உண்மையான தப்பைப் போல ரெண்டு மடங்கு. கொத்தனார் வேலையில இரும்பு மூலைமட்டத்தையும் இப்படித்தான் பாக்கணும், நாலு தடவை கீழ விழுந்த மட்டம் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல.

காம்பஸ்ல எங்கயும் 90 கிடையாது. அதுல டிகிரி இல்ல, நம்பர் இல்ல, ரெண்டு காலு, ஒரு ஸ்க்ரூ. அளவு நழுவாம இருந்தா போதும். செங்கோணமே இல்லாத ரெண்டு கருவியில இருந்து செங்கோணம் வருது, ஏன் வருதுன்னு நிரூபிக்கவும் முடியுது. கோணமானியில 90-ங்கற கோட்டைப் பாத்துப் புள்ளி வைக்கறதுல நிரூபிக்க என்ன இருக்கு, யாரோ அச்சடிச்சதை நம்பறோம், அவ்ளோதான். பாடத்துல இதை வச்சிருக்கறது அதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன், ஆனா டீச்சருங்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாம ஸ்டெப்ஸை மட்டும் எழுதிப் போடறாங்க, பிள்ளைங்களுக்கு அது சமையல் குறிப்பு மாதிரி ஆயிடுது.

இன்னொரு உபயோகம் சைஸு. 10 செ.மீ. மூலைமட்டத்தை வச்சு 40 அடி சுவருக்கு மூலை எடுக்க முடியாது, ஆனா கயித்துக்கு எவ்ளோ பெருசும் ஒண்ணுதான். வேள்விக்குழி கட்டினவங்க இதைக் கயித்துலதான் பண்ணாங்க, காத்யாயனரோட சுல்பசூத்திரத்துல, அதாவது வேள்விக்குழி அளவெடுக்கறதுக்கான பழைய சமஸ்கிருத நூல்ல, தெளிவா இருக்கு. சமதளத்துல ஒரு குச்சி நட்டு, குச்சியோட உயரத்துக்குக் கயிறு எடுத்து அதைச் சுத்தி ஒரு வட்டம் போடணும். காலைல நிழல் நுனி வட்டத்தைத் தொடற இடத்துல ஒரு முளை, சாயங்காலம் தொடற இடத்துல ஒரு முளை, ரெண்டையும் சேத்தா கிழக்கு மேற்கு. அப்புறம் ரெண்டு முளைக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் போல ரெண்டு மடங்கு கயிறு எடுத்து, ரெண்டு நுனியிலயும் கண்ணி போட்டு, ரெண்டு முளையிலயும் மாட்டி, கயித்தோட நடுவைப் பிடிச்சு தெற்க இழுத்து ஒரு முளை, வடக்க இழுத்து ஒரு முளை. அதைச் சேத்தா வடக்கு தெற்கு. படிக்கும்போதே தெரியுதா, முளைங்க ரெண்டும் அ, ஆ, கயித்தோட நடு எப்பவும் ரெண்டுக்கும் சம தூரம். அதைவிட அழகு, குச்சி நட்ட இடமே வட்டத்தோட மையம், ரெண்டு முளைக்கும் சம தூரம், அதாவது அதுதான் நம்ம வெளிப்புள்ளி ப. ஓயினோப்பிடீஸ் வானசாஸ்திரத்துக்கு உதவும்னு சொன்னதுக்கும் இதுக்கும் தூரம் அதிகமில்ல பாருங்க. பழைய வானசாஸ்திர நூலான சூரிய சித்தாந்தத்துல இதே வேலைக்கு ரெண்டு வட்டம் வெட்டிக்கிற வடிவத்தை மீன்னு சொல்லியிருக்கு, மீனோட தலையையும் வாலையும் சேத்து இழுக்கற கோடு செங்குத்து. உங்க பொண்ணு 6 செ.மீ. கோட்டுக்கு முழு வில் போட்டா நடுவுல அந்த மீன் வரும், காட்டுங்க. தென்னாட்டுக் கட்டடக் கலை நூலான மயமதத்துலயும் குச்சி நிழலை வச்சு திசை எடுக்கறதுக்கு ஒரு அத்தியாயமே இருக்கு.

எகிப்துக்காரங்க 12 முடிச்சு போட்ட கயித்தை 3, 4, 5 பக்கம் இருக்கிற முக்கோணமா இழுத்து பிரமிடுக்கு மூலை எடுத்தாங்கன்னு ஒரு கதை எல்லா இடத்துலயும் சுத்துது. கயிறு இழுக்கறவங்க அங்க இருந்தது உண்மை, ஆனா அந்த 3-4-5 கயிறு 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாற்றாசிரியர் மோரிட்ஸ் கேண்டர் ஊகமா சொன்னது, ஆதாரம்னு ஒண்ணும் கிடைக்கல.

நம்ம சைட்ல மேஸ்திரி பண்றது 3-4-5 தான், அது வேற குடும்பம், அளவு நாடா வேணும். அதையும் 3, 4, 5 அடியா போடறதுக்குப் பதிலா 6, 8, 10-ஆ இல்ல 9, 12, 15-ஆ போட்டா தப்பு குறையும், நாம பாத்த அதே காரணம்தான், புள்ளிங்க எவ்ளோ தள்ளி இருக்கோ அவ்ளோ நல்லது. நாலு மூலையும் எடுத்து, எதிரெதிர் சுவர் நீளமும் சமமா இருக்கான்னு பாத்தப்புறம் குறுக்கு மூலை ரெண்டையும் அளக்கணும், ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா அஸ்திவாரம் சதுரிப்பா இருக்கு, அதாவது நாலு மூலையும் 90-ல இருக்கு.

கடைசியா உங்க பொண்ணுக்கு ஒரு விளையாட்டு, ஞாயித்துக்கிழமை குடுங்க. ஒரு வட்டமும் அதுக்கு ஒரு விட்டமும் போட்டுட்டு காம்பஸ்ஸைப் பிடுங்கி வச்சுடுங்க. வட்டத்துக்கு வெளிய, விட்டத்தோட ரெண்டு நுனிக்கும் நடுவுல வர்ற மாதிரி மேல் பக்கமா ஒரு புள்ளி ப. வெறும் ஸ்கேலை மட்டும் வச்சு, அளக்காம, ப-வுல இருந்து விட்டத்துக்கு செங்குத்து போடணும். விட்டத்தோட ரெண்டு நுனியையும் ப-வோட சேத்தா ரெண்டு கோடும் வட்டத்தை ஒவ்வொரு இடத்துல வெட்டும். அந்த ரெண்டு வெட்டையும் எதிர்ப்பக்க நுனியோட குறுக்க சேத்தா உள்ள ஒரு இடத்துல சந்திக்கும். ப-வையும் அந்த சந்திப்பையும் சேத்து கீழ நீட்டுங்க, விட்டத்துல 90-ல போய் விழும். குறுக்க போட்ட ரெண்டு கோடும் அரைவட்டக் கோணத்தால அந்த முக்கோணத்துக்குக் குத்துக்கோடு ஆயிடுது, முக்கோணத்தோட மூணு குத்துக்கோடும் ஒரே புள்ளியில சந்திக்கும், அப்போ மூணாவது அது வழியாத்தான் போயாகணும். ஒன்பதாவதுல செங்கோட்டு மையம்னு பேர் சொல்லி வரையச் சொல்லுவாங்க, அதுக்குள்ள அவ இதை ரெண்டு தடவை போட்டிருப்பா. வட்டமே குடுக்காம வெறும் ஸ்கேலை மட்டும் குடுத்துக் கேட்டுடாதீங்க, அது யாராலயும் முடியாது.